ஒத்திகையில் மாண்டவர்கள்

ஒத்திகை என்றால் நமக்கு உடனே நாடகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ராஜா வேஷக்காரர் நாலு முழ வேட்டியும் பனியனுமாக நின்று வசனம் சொல்வார். கையில் வாளுக்குப் பதில் குடை இருக்கும். மார்பில் அம்பு பாய்ந்து விழுந்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு காப்பி சாப்பிடப் போவார். ஒத்திகையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம். அதுதான் அதில் உள்ள சௌகரியம்.

யுத்தத்துக்கும் ஒத்திகை உண்டு. நிஜமான கப்பல், நிஜமான டாங்கி, நிஜமான குண்டு எல்லாம் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆட்களைத் திரட்டி நடத்துவார்கள். எதிரி ஒருவன்தான் கற்பனை. அப்படி நடந்த ஓர் ஒத்திகையின் நடுவே நிஜமான எதிரியே வந்து நுழைந்துவிட்டான். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி பின்னிரவில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் கடலில் 749 அமெரிக்கர்கள் மாண்டு போனார்கள். அவர்களில் ஒருவரும் அன்று சண்டைக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. சொந்த ஊரிலிருந்து மூவாயிரம் மைலுக்கு அப்பால், சிநேக நாடு ஒன்றின் கரையில், பயிற்சிக்காக இறங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எப்படி மாண்டார்கள் என்பது பரிதாபமான விஷயம். ஆனால் அதைவிட என் மனத்தை அதிகமாக உறுத்துவது, அதன் பிறகு அவர்களுடைய ஞாபகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான். இரண்டையும் சொல்கிறேன்.

*

முதலில் அந்தக் காலத்து நிலைமை. பிரான்ஸ் தேசம் 1940-லிருந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தது. 1944-ஆம் வருஷக் கோடையில் கால்வாயைக் கடந்து நார்மண்டிக் கரையில் இறங்குவது என்று நேச நாடுகள் தீர்மானித்திருந்தன. இறங்குவதற்கு ஐந்து கரைகள் குறிக்கப்பட்டன. மேற்குக் கோடியில் இருந்த கரைக்கு 'யூட்டா' என்று ரகசியப் பெயர். அமெரிக்காவின் 4-ஆம் காலாட்படை டிவிஷன் அங்கே இறங்க வேண்டும்.

யூட்டா கரையில் ஒரு சங்கடம் இருந்தது. கடலை ஒட்டிக் குறுகலான மணல் கரை. அதற்குப் பின்னால் ஜெர்மானியர் வேண்டுமென்றே நீரைத் தேக்கி வெள்ளக்காடாக்கியிருந்த தாழ்நிலம். உள்ளே போவதற்கு அந்த வெள்ளத்தின் குறுக்கே நாலைந்து பாதைகள் மாத்திரம். கரையில் கால் வைத்தவுடன் அந்தப் பாதைகளைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் முன்னால் ஜெர்மானியர், பின்னால் கடல்.

இதைப் பழகிப் பார்க்க இங்கிலாந்திலேயே இதே மாதிரி ஒரு கரை அகப்பட்டது. டெவன் ஜில்லாவில் உள்ள ஸ்லாப்டன் ஸாண்ட்ஸ். பெயரில்தான் மணல் இருக்கிறதே தவிர, கரை முழுவதும் பொடிக் கூழாங்கல். கரைக்குப் பின்னால் ஒரு நன்னீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரஸ்தா. யூட்டாவின் அச்சாகவே அமைந்திருந்தது அந்த இடம்.

ஒரே ஒரு குறை: அங்கே ஜனங்கள் இருந்தார்கள்.

1943-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சர்க்கார் அதிகாரிகள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூட்டம் போட்டுச் செய்தியைச் சொன்னார்கள். டார்கிராஸ், ஸ்லாப்டன், ஸ்டோக்கன்ஹாம், ஸ்ட்ரீட், பிளாக்காடன், ஈஸ்ட் அலிங்டன் முதலிய ஊர்களும் அவற்றைச் சுற்றியிருந்த 180 பண்ணைகளும் காலியாக வேண்டும். மொத்தம் 30,000 ஏக்கர். சுமார் 3,000 ஜனங்கள். கெடு டிசம்பர் 20-ஆம் தேதி. ஆறு வாரம்கூட இல்லை. எதற்காக என்று கேட்கக் கூடாது. எப்போது திரும்பி வரலாம் என்பதற்கும் பதில் இல்லை.

ஒரு வீட்டைக் காலி செய்வதே எவ்வளவு பெரிய காரியம் என்பது குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். இங்கே காலி செய்ய வேண்டியிருந்தது ஊர் ஊராக. மாடு, ஆடு, கோழி, வைக்கோல் போர், நிலத்திலிருந்து இன்னும் தோண்டி எடுக்காத கிழங்கு, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிப் பாத்திரம், படுக்கையில் கிடக்கும் பாட்டி, எல்லாவற்றையும் கிளப்ப வேண்டும். அதுவும் குளிர் காலத்தில். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தை உழுதுவந்த குடும்பங்கள் அவை. மாதாகோயில்களில் இருந்த வேலைப்பாடு மிக்க மரச் சாமான்களையும் வர்ணக் கண்ணாடிகளையும் கழற்றி அப்புறப்படுத்தினார்கள். எடுக்க முடியாதவற்றுக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். எக்ஸிடர் நகரத்துப் பிஷப் ஓர் அறிவிப்பு எழுதி ஒவ்வொரு கோயில் கதவிலும் ஒட்டச் செய்தார். வரப்போகும் அமெரிக்கச் சிப்பாய்களை உத்தேசித்து எழுதியது அது. இந்தக் கோயில் பல நூறு வருஷங்களாக இங்கே நிற்கிறது, இதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் உங்களுக்காக வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் திரும்பி வருவார்கள், அதுவரை இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் அந்த ஊர்களின் அடுப்புகள் அணைந்தன. அமெரிக்க ராணுவம் உள்ளே வந்தது.

*

வந்தவர்கள் வரிசையாக ஒத்திகைகள் நடத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணியின் பெயர். ஜனவரியில் நடந்ததற்கு 'வாத்து'. மார்ச்சில் நடந்தது 'பீவர்'. அது அணை கட்டி வாழும் ஒரு நீர்ப்பிராணி. ஏப்ரலில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்குப் 'புலி' என்று பெயர் வைத்தார்கள். ஏப்ரல் 22 முதல் 30 வரை, 30,000 சிப்பாய்கள் கலந்துகொண்டார்கள். கப்பலில் ஏறுவதிலிருந்து கரையில் இறங்கி உள்நாட்டுக்குள் நகர்வது வரை எல்லாம் நிஜம் போலவே நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பல் பீரங்கிகள் நிஜக் குண்டே சுட்டன. சத்தத்தையும் புகையையும் முன்பே அனுபவித்த சிப்பாய் நிஜ யுத்தத்தில் திகைத்து நிற்க மாட்டான் என்பது தளபதிகளின் எண்ணம். அந்த எண்ணத்தில் தப்புச் சொல்ல முடியாது.

இந்தக் கரையில் பழகிய படைகளில் 70-ஆம் டாங்கிப் படையும் ஒன்று. அவர்களிடம் இருந்த டாங்கிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை கடலில் நீந்தும் டாங்கிகள்.

முப்பது டன் இரும்பு எப்படி நீந்தும் என்று கேட்பீர்கள். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய நிக்கலஸ் ஸ்ட்ராஸ்லர் என்ற என்ஜினீயர் அதற்கு யுக்தி செய்தார். டாங்கியைச் சுற்றித் தண்ணீர் புகாத கித்தானால் ஒரு திரை. ரப்பர்க் குழாய்களில் காற்றை அடைத்தால் திரை எழுந்து நிற்கும். டாங்கி ஒரு கித்தான் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், தொட்டி மிதக்கும். பின்புறம் கப்பலுக்கு இருப்பது போல இரண்டு சுழல் விசிறிகள். கரை தட்டியதும் திரையைச் சரித்துவிட்டால், சாதாரண டாங்கியாகி மேலே ஏறிச் சுட ஆரம்பிக்கலாம். வெறும் படகு ஏதோ வருகிறது என்று அலட்சியமாக இருக்கும் எதிரியின் முன்னால் திடீரென்று டாங்கி எழுந்து நிற்கும்.

யுக்தி அபாரமானதுதான். ஆனால் முப்பது டன் இரும்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது ஒரு கித்தான் துணி. தண்ணீருக்கு மேலே அது தலை நீட்டியது மூன்று நாலு அடிதான். அலை அதைத் தாண்டிவிட்டால் டாங்கி கல்லைப் போல இறங்கிவிடும். அதனால் டாங்கிக்காரர்களுக்கு, தண்ணீருக்கு அடியில் மூச்சுவிட உதவும் கருவியைக் கொடுத்து, மூழ்கிய டாங்கியிலிருந்து வெளியேறும் வித்தையையும் கற்பித்தார்கள். பயம் வீண் பயம் அல்ல. ஏப்ரல் 4-ஆம் தேதி அதே தென்கரையில் ஸ்டட்லண்டு விரிகுடாவில் பிரிட்டிஷ் படையினர் இதே ரக டாங்கிகளுடன் ஒத்திகை பார்த்தபோது காற்று மாறிவிட்டது. சில டாங்கிகள் மூழ்கின. ஆறு வீரர்கள் இறந்தார்கள். ஸ்லாப்டன் கரைக்கு அப்பாலும் ஒத்திகைக் காலத்தில் டாங்கி மூழ்கியது. அப்படி மூழ்கிய டாங்கி ஒன்றைப் பின்னால் மறுபடியும் பார்க்கப்போகிறோம்.

*

ஏப்ரல் 27-ஆம் தேதி காலையில் முதல் அணி ஸ்லாப்டனில் இறங்கியது. அன்றிரவு இரண்டாவது அணி கிளம்பிற்று. எட்டு எல்.எஸ்.டி. கப்பல்கள்.

எல்.எஸ்.டி. என்பது டாங்கிகளையும் லாரிகளையும் கரைக்கே கொண்டுபோய் இறக்கும் கப்பல். 328 அடி நீளம். முகப்பில் இரட்டைக் கதவு; கரை தட்டியதும் கதவைத் திறந்து பலகையை இறக்கினால் வண்டிகள் நேரே தரைக்குப் போகும். யுத்தத்துக்கு இன்றியமையாத கப்பல். ஆனால் நகர்வதில் ஆமை. 'பெரிய, மந்தமான இலக்கு' என்று அந்த மூன்று எழுத்துக்கு மாலுமிகளே கேலியாக விரிவுரை சொல்வார்கள்.

ஐந்து கப்பல்கள் பிளிமத்திலிருந்தும் மூன்று கப்பல்கள் பிரிக்ஸத்திலிருந்தும் புறப்பட்டு வரிசையாகச் சேர்ந்துகொண்டன. நேரே ஸ்லாப்டனுக்குப் போனால் தூரம் கொஞ்சம்தான். கால்வாயைக் கடக்க ஆகும் நேரத்தை அனுபவிக்க வேண்டும் என்பதற்காக லைம் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கப்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் முன்னணிச் சிப்பாய்கள் அல்ல. கரையைச் செப்பனிடும் என்ஜினீயர் படையினர், லாரி ஓட்டுகிறவர்கள், சாமான் இறக்குகிறவர்கள், உணவுப் பண்டம் வழங்குகிறவர்கள். கீழ்த்தட்டில் லாரிகளும், நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளும் நெருக்கியடித்து நின்றன. அவற்றில் பெட்ரோல் நிறைந்திருந்தது. ஆட்கள் அவற்றின் நடுவிலும் பக்கத்து அறைகளிலும் தூங்கினார்கள்.

துணைக்கு இரண்டு பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் வர வேண்டும். முன்னால் போனது 'அஸேலியா' என்ற சிறு கப்பல். மற்றொன்று 'ஸிமிட்டர்' என்ற நாசக் கப்பல். முந்தின இரவு ஒரு சிறு கப்பல் இடித்து ஸிமிட்டரின் உடலில் ஓட்டை விழுந்திருந்தது. ரிப்பேருக்காகத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்தச் சங்கதி அமெரிக்கக் கடற்படைத் தளபதிக்கு வந்து சேரவில்லை. பதிலுக்கு வேறு கப்பல் அனுப்ப வேண்டும் என்று தோன்றி அனுப்பியபோது நேரம் கடந்துவிட்டது.

இன்னொரு பிசகும் நடந்திருந்தது. அமெரிக்கக் கப்பல்களுக்குக் கொடுத்த உத்தரவுக் காகிதத்தில் ரேடியோ அலைவரிசையின் எண் டைப் அடித்ததில் தப்பாகப் போயிருந்தது. ஜெர்மன் விசைப்படகுகள் நடமாடுகின்றன என்று கரையிலிருந்து வந்த எச்சரிக்கை அஸேலியாவுக்குக் கேட்டது. அமெரிக்கக் கப்பல்களுக்கும் கேட்டிருக்கும் என்று அஸேலியா நினைத்தது. அவர்களோ வேறு அலைவரிசையில் காது வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒன்பது ஜெர்மன் டார்ப்பிடோப் படகுகள், நடப்பது ஒத்திகை என்பதையே அறியாமல், கறுப்பு நிறத்தில் மின்னல் வேகத்தில் வந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை மந்தமாக ஊர்ந்துபோகும் எட்டுப் பெரிய கப்பல்கள். வேட்டைக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

இரவு இரண்டு மணி சுமாருக்கு எல்.எஸ்.டி. 507 அடிபட்டது. வண்டிகளில் இருந்த பெட்ரோல் தீப்பற்றிக் கப்பல் முழுவதும் எரிந்தது. சில நிமிஷங்களில் 531-ஐ இரண்டு டார்ப்பிடோக்கள் தாக்கின. அது ஆறே நிமிஷத்தில் கவிழ்ந்து மூழ்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஏணியைத் தேடுவதற்குக்கூட ஆறு நிமிஷம் போதாது. 289-ன் பின்புறம் பிய்ந்துபோயிற்று. ஆனாலும் அது எப்படியோ டார்ட்மத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் என்னால் மறக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. முதலில் வேட்டுச் சத்தம் கேட்டபோது, தப்பிப் பிழைத்தவர்கள் பலர் பின்னால் சொன்னபடி, இதுவும் ஒத்திகையில் சேர்த்தி என்றே அவர்கள் எண்ணிக்கொண்டார்களாம். 'பரவாயில்லையே, நிஜம் மாதிரியே செய்கிறார்களே!' என்று கப்பலில் இருந்த பையன் ஒருவன் நினைத்திருப்பான். இருபது வயதுப் பையன்கள்தானே. பக்கத்துக் கப்பல் பற்றி எரிகிற வரையில் அவர்களுக்கு நாடகம் முடிந்துவிட்டது என்பது தெரியவில்லை.

கடலில் குதித்தவர்களை இன்னொரு எமன் காத்திருந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைப் பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கக்கத்துக்கு அடியில், மார்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதுகு மூட்டையும் தளவாடங்களும் இடம் அடைத்துக்கொண்டதால் பலர் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். எப்படிக் கட்டுவது என்று சரியாகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தண்ணீரில் விழுந்ததும் பட்டை இடுப்பைத் தூக்கியது. மேல் சுமை தலையை அமுக்கியது. காப்பாற்றுவதற்காகக் கொடுத்த பட்டையே ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. அது தப்பாதவர்களைக் கடலின் குளிர் கொண்டுபோயிற்று.

அடிபடாத கப்பல்கள் நிற்காமல் கரைக்கு ஓடிவிட வேண்டும் என்பது விதி. நின்றால் அவையும் பலியாகும். எல்.எஸ்.டி. 515-ன் காப்டன் ஜான் டாயில் அந்த விதியை மீறினார். கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து, மிதந்துகொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தூக்கி ஏற்றினார். அன்று இரவில் யாராவது ஒருவரைப் பற்றி நாவல் எழுது என்று என்னிடம் சொன்னால் நான் தேர்ந்தெடுப்பது இந்த மனிதரைத்தான். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க முடியாது.

கணக்கு எடுத்தபோது ராணுவத்தில் 551 பேரும் கடற்படையில் 198 பேரும் இறந்ததாகத் தெரிந்தது. உணவும் சாமானும் வழங்கும் ஒரு கம்பெனியில் 251 பேர் இருந்தார்கள். அவர்களில் 201 பேர் இறந்தோ காயமடைந்தோ போனார்கள். மிஸௌரி மாகாணத்துப் பையன்கள் நிறைய இருந்த கம்பெனி அது. தூரத்தில் ஏதோ ஒரு கடலில் அடித்த அலை, ஒரு மாகாணத்தின் பல வீட்டு வாசல்களில் ஒரே சமயத்தில் வந்து மோதியது.

*

பொழுது விடிந்ததும் தளபதிகளைப் பிடித்துக்கொண்ட கவலை, இறந்தவர்களைப் பற்றி அல்ல. காணாமற்போன பத்து அதிகாரிகளைப் பற்றி. நார்மண்டி ரகசியம் தெரிந்தவர்களுக்கு 'பிகட்' என்று ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரை பெற்ற பத்துப் பேர் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனை ஜெர்மானியர் உயிரோடு பிடித்திருந்தால் யுத்தத்தின் பெரிய ரகசியமே போய்விடும். கடலெல்லாம் தேடினார்கள். பத்து உடல்களும் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. செத்துப்போய்விட்டார்கள் என்று அறிந்து பெருமூச்சு விடும்படி மனிதனை வைத்துவிடுகிறது யுத்தம்.

பிழைத்தவர்களுக்குக் கடுமையான உத்தரவு போயிற்று: வாய் திறக்கக் கூடாது, திறந்தால் ராணுவக் கோர்ட்டில் விசாரணை. ஷெர்போன் என்ற ஊரில் இருந்த அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிக்கு நனைந்தும் வெந்தும் வந்த ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். என்ன நடந்தது என்று நோயாளியைக் கேட்கக் கூடாது, கேட்காமலே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லப்பட்டது. அங்கே வேலை பார்த்த டாக்டர் ரால்ஃப் கிரீன் பல வருஷங்களுக்குப் பிறகு இதை எழுதினார். வாயில்லாப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரிதான்.

இந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னும் 39 நாளில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதே கடலைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை வெளியே கசிந்திருந்தாலும் அவர்கள் உயிருக்கு ஆபத்து. மௌனம் அப்போது தர்மமாகத்தான் இருந்தது.

ஜூன் 6-ஆம் தேதி நிஜ யுத்தம் அரங்கேறியது. யூட்டா கரையில் 4-ஆம் டிவிஷனுக்கு அன்று ஏற்பட்ட சேதம், இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் எல்லோரும் சேர்த்து, சுமார் இருநூறுதான். நீரோட்டம் படகுகளை இழுத்துக்கொண்டுபோய், குறித்த இடத்துக்குத் தெற்கே, எதிரியின் பலம் குறைந்த இடத்தில் இறக்கியதும் அதற்கு ஒரு காரணம். 70-ஆம் படையின் நீந்தும் டாங்கிகளை அங்கே கரைக்கு அருகே கொண்டுவந்து இறக்கினார்கள். பெரும்பாலானவை கரை ஏறின. பக்கத்து ஒமாஹா கரையிலோ, வேறொரு படையின் 29 டாங்கிகளை வெகு தூரத்தில் கொந்தளிக்கும் கடலில் இறக்கிவிட, 27 டாங்கிகள் மூழ்கின.

நிஜத்தைவிட ஒத்திகையில் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள் என்பது கேட்பதற்கு விபரீதமாக இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஏப்ரல் 28-க்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல்களும் அமெரிக்கக் கப்பல்களும் ஒரே அலைவரிசையில் பேசும்படி ஏற்பாடு செய்தார்கள். மிதவைப் பட்டையை எங்கே கட்டுவது என்று ஒவ்வொரு சிப்பாய்க்கும் சொல்லிக் கொடுத்தார்கள். கடலில் விழுந்தவர்களை எடுப்பதற்கென்றே சிறு படகுகளை நியமித்தார்கள். ஜூன் மாதம் கடலில் விழுந்து பிழைத்த ஒருவனுக்கு, ஏப்ரல் மாதம் விழுந்து செத்த ஒருவன் நீந்தக் கற்றுக்கொடுத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

இப்போது, என் மனத்தை உறுத்துகிறது என்று சொன்னேனே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க சர்க்கார் இந்தச் சம்பவத்தை நாற்பது வருஷம் மூடி மறைத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் கதைக்கு விறுவிறுப்பு உண்டு. ஆனால் உண்மை அது அல்ல. நார்மண்டியில் காலூன்றி, ரகசியத்துக்கு அவசியம் தீர்ந்ததும், 1944-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே நேச நாட்டுத் தலைமைக் காரியாலயம் செய்தியை வெளியிட்டுவிட்டது. ராணுவத்தினரின் சொந்தப் பத்திரிகையிலேயே அது வந்தது. 1951-ல் கார்டன் ஹாரிஸன் எழுதிய அமெரிக்க ராணுவ சரித்திரத்தில் இருக்கிறது. 1957-ல் ஸாமுவல் மாரிஸன் எழுதிய கடற்படை சரித்திரத்திலும் இருக்கிறது. சார்லஸ் மக்டொனால்டு என்ற ராணுவ சரித்திர ஆசிரியர் 1980-களில் இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டி, மூடி மறைத்தார்கள் என்பது கட்டுக்கதை என்று வாதாடினார்.

மறைத்தது மூன்று மாதம். மறந்தது நாற்பது வருஷம். செய்தி அச்சில் இருந்தது, படிப்பார்தான் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் அந்தச் செய்தி வந்தபோது பாரிஸ் நகரம் விடுதலையாகும் தறுவாயில் இருந்தது. திரை தூக்கி நாடகம் களைகட்டிவிட்ட பிறகு ஒத்திகையில் என்ன நடந்தது என்று யார் கேட்கிறார்கள்? பல பெற்றோர்களுக்குப் போன தந்தியில் எங்கே, எப்படி என்ற விவரம் இல்லை. பிள்ளை நார்மண்டியில் இறந்தான் என்றே எண்ணிக்கொண்டு காலத்தைக் கழித்த தாய்மார்கள் உண்டு. பிழைத்தவர்களோ, வாய் திறக்காதே என்று போட்ட உத்தரவை யாரும் வந்து நீக்காததால், வீட்டில்கூடப் பேசாமலே கிழவர்களானார்கள்.

1954-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவம் ஸ்லாப்டன் கரையில் ஒரு கல் ஸ்தூபி நாட்டியது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வீடு வாசலைக் காலி செய்து கொடுத்த கிராமத்து ஜனங்களுக்கு. அவர்களுடைய பெருந்தன்மையால் பயிற்சி நடந்தது, அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று அதில் நன்றி எழுதியிருக்கிறது. நியாயமான நன்றிதான். ஊர் திரும்பிய ஜனங்கள் ஓட்டை விழுந்த கூரையையும் எலி பிடித்த வீட்டையும் அல்லவா பார்த்தார்கள்! ஆனால் அதே கடலில் இறந்த 749 பேரைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல் கிடையாது. வீடு கொடுத்தவர்கள் ஞாபகத்தில் நின்றார்கள். உயிர் கொடுத்தவர்கள் நிற்கவில்லை.

அவர்களை மீட்டது ஒரு சர்க்காரும் அல்ல, சரித்திர சங்கமும் அல்ல. டார்கிராஸில் ஒரு சிறு விடுதி நடத்திக்கொண்டிருந்த கென் ஸ்மால் என்ற ஆங்கிலேயர். 1970-களின் தொடக்கத்தில் மனம் சோர்ந்திருந்த அவர், காலை வேளைகளில் கடற்கரையில் உலாவுவது வழக்கம். கூழாங்கற்களின் நடுவே அவர் கையில் தோட்டா அகப்பட்டது. பட்டாளத்துப் பொத்தான் அகப்பட்டது. குண்டுச் சில்லுகள் அகப்பட்டன. இவ்வளவும் இங்கே எப்படி வந்தன என்று விசாரித்தார். கரைக்கு முக்கால் மைல் தூரத்தில், கடலடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது, வலை அதில் மாட்டிக்கொள்கிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். முக்குளிப்பவர்களை அனுப்பிப் பார்த்தால், அறுபது அடி ஆழத்தில் ஒரு டாங்கி! 70-ஆம் படையின் நீந்தும் டாங்கி.

அவர் அதை அமெரிக்க சர்க்காரிடமிருந்து 1974-ல் விலைக்கு வாங்கினார். விலை 50 டாலர். வாங்குவது சுலபமாக இருந்தது. எடுப்பதற்குத்தான் பத்து வருஷம் பிடித்தது. 1984-ஆம் வருஷம் மே மாதம், சிப்பியும் துருவும் அப்பிய அந்த டாங்கி கரையேறியது. டார்கிராஸில் கடலோரமாக அதை நிறுத்தினார். 1987-ல் அமெரிக்க சர்க்கார் அதன் பக்கத்தில் ஒரு கல்வெட்டுப் பதித்தது. டாங்கியைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்ததும் அமெரிக்காவிலிருந்து கிழவர்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கள் மனைவியிடமும் சொல்லாததை ஓர் அந்நியரிடம், அந்த இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்கள். கென் ஸ்மால் 2004-ல் காலமானார்.

ஆயிரம் பக்கச் சரித்திரப் புத்தகங்களால் ஆகாத காரியத்தை ஒரு துருப்பிடித்த இரும்பு செய்துவிட்டது. புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சற்று வெட்கமான விஷயம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. புத்தகத்தில் இருந்தது எண்ணிக்கை. எண்ணிக்கையின் முன்னால் நின்று யாராலும் அழ முடியாது. தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டியிருந்தது.

போர்க்களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. அதில் பெயரும், அவன் எதற்காக விழுந்தான் என்பதும் இருக்கும். ஆநிரை மீட்டு விழுந்தான், புலியோடு பொருது விழுந்தான் என்று காரணம் சொல்லும். ஒத்திகையில் விழுந்தவனுக்கு என்ன காரணம் எழுதுவது? பகைவனை அவன் முகம் பார்க்கவில்லை. ஒரு குண்டு சுடவில்லை. டைப் அடித்த காகிதத்தில் ஓர் எண் தப்பிப்போனதால் செத்தான் என்று எழுதினால் அது வீரமாகத் தோன்றாது. அதனால்தான் யாரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் போ என்று சொன்ன இடத்துக்குப் போனான். நாளைக்கு நிஜமாகச் சாக வேண்டியிருந்தாலும் சம்மதம் என்றுதான் கப்பலில் ஏறினான். அதற்கு மேல் ஒரு சிப்பாய் என்ன செய்ய முடியும்?

இன்று அந்தக் கரையில், சற்றுத் தள்ளித் தள்ளி, இரண்டும் நிற்கின்றன: 1954-ல் நாட்டிய கல்லும், 1984-ல் கடல் திருப்பிக் கொடுத்த டாங்கியும். கோடைக்கு அங்கே குளிக்க வருகிற குழந்தைகள் டாங்கியைச் சுற்றி ஓடி விளையாடுகிறார்களாம். விளையாடட்டும். யாராவது ஒரு குழந்தை, 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று அப்பாவைக் கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அதை வெளியே எடுத்தார்கள்.